பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: மரபணு மாற்றிய பொருளைக் கண்டுபிடிக்க, கேட்க, சோதிக்க

கொடைக்கானல் நாயுடுபுரத்தில், வீட்டை ஒட்டிய சின்ன அறையில் சாக்லேட்டும் குக்கீஸும் செய்து கடைகளுக்குப் போடுகிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பெண்கள் என்னிடம் வந்தால், எந்தச் சூட்டில் உருக்குவது, எப்படி அச்சில் ஊற்றுவது என்றுதான் முதலில் கேட்பார்கள். அது கொஞ்ச நாளில் தானாகக் கை பழகிவிடும். நான் முதலில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுப்பது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்க. சீசனில் வருகிறவர்களில் "இதில் ஜி.எம்., அதாவது மரபணு மாற்றியது, ஏதாவது கலந்திருக்கா?" என்று கேட்பவர்கள் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகிறார்கள். பிள்ளைக்கு வாங்குகிற அம்மாக்கள்தான் அதிகம். அவர்களிடம் "இல்லைங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வராது. பணம் கொடுத்து வாங்குகிறவர் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கத்தான் செய்வார். செய்து விற்கிற நமக்கே அது தெரியாமல் இருந்தால் எப்படி?

அந்தப் பெண்களுக்கு நேரில் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். கடையில் வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே வழிதான்.

எதற்குப் பயப்பட வேண்டாம்

ஆய்வகத்தில் ஓர் உயிரின் மரபணுவை எடுத்து, இயற்கையில் சேராத இன்னொரு உயிருக்குள் வைப்பதுதான் மரபணு மாற்றம். மண்ணில் வாழும் பி.டி. என்ற ஒரு பாக்டீரியாவின் மரபணுவைப் பருத்திக்குள் வைத்தார்கள், அது பி.டி. பருத்தி ஆனது. ஹைப்ரிட் விதை, ஒட்டுக்கன்று, திசு வளர்ப்பு எல்லாம் வேறு சங்கதி.

மலையில் இந்தக் குழப்பம் நிறைய உண்டு. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கேரட் எல்லாம் ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருந்தால் "இது ஜி.எம். கேரட்" என்று ஒதுக்குகிறார்கள். அது ஹைப்ரிட். இரண்டு கேரட் ரகங்களை மகரந்தம் சேர்த்து எடுத்த விதை. கீழ்ப் பழனி மலையில் விருப்பாட்சி வாழையை முடிக்கொத்து நோய் அழித்தபோது, நோயில்லாத கன்றுகளைத் திசு வளர்ப்பில் உண்டாக்கித் தோட்டங்களுக்குக் கொடுத்தார்கள். லேப்பில் வளர்ந்தது என்பதாலேயே அதை ஜி.எம். வாழை என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது விருப்பாட்சியின் குருத்திலிருந்து வளர்த்த அதே விருப்பாட்சி. வெளி மரபணு எதுவும் அதற்குள் போகவில்லை. பூம்பாறைப் பூண்டு, பிளம்ஸ், பேரிக்காய், பட்டர் ப்ரூட், உருளைக்கிழங்கு, ஏரிக்கரையில் சுட்டு விற்கிற சோளக்கதிர், எதையும் இந்தச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதில்லை.

இந்தியாவில் அனுமதியோடு விவசாயிகளின் வயலில் வளரும் ஜி.எம். பயிர் பருத்தி ஒன்றுதான். 2002 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. இன்று நாட்டில் பருத்தி போடும் நிலத்தில் 100க்கு 90க்கு மேல் அதுதான். பி.டி. கத்தரிக்கு மத்திய அரசின் மரபணுப் பொறியியல் குழு 2009 அக்டோபரில் ஒப்புதல் கொடுத்தது. அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் 2010 பிப்ரவரி 9 அன்று அதை நிறுத்தி வைத்தார். டி.எம்.எச். 11 என்ற ஜி.எம். கடுகுக்கு 2022 அக்டோபரில் அனுமதி வந்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் போய், 2024 ஜூலையில் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். 2019இல் ஹரியானாவில் ஒரு வயலில் அனுமதியில்லாத பி.டி. கத்தரி பிடிபட்டதும் உண்மை. ஆனாலும் காய்கறிக் கூடையை வைத்துக்கொண்டு கவலைப்படுவதை விட, பாக்கெட்டையும் எண்ணெய் டின்னையும் பார்ப்பதுதான் பலன் தரும்.

பழத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் பற்றி ஒரு வாட்ஸ்அப் செய்தி ஓயாமல் சுற்றுகிறது: எண் 8இல் தொடங்கினால் ஜி.எம். என்று. 3 அல்லது 4இல் தொடங்கும் நான்கு இலக்க எண் சாதாரணமாக விளைந்தது. அதன் முன்னால் 9 சேர்ந்து ஐந்து இலக்கமானால் இயற்கை விவசாயம். 8ஐ ஒரு காலத்தில் ஜி.எம்.முக்கு என்று ஒதுக்கி வைத்தார்கள், ஆனால் கடைகளில் அது புழக்கத்துக்கு வரவே இல்லை. அதனால் 8 இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பார்கோடு 890இல் தொடங்கினால் உள்நாட்டுப் பொருள் என்பதும் அப்படித்தான். அந்தக் கம்பெனி இந்தியாவில் எண் வாங்கியிருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் சோயா எங்கே விளைந்தது என்று அது சொல்லாது.

நான்கு பயிர்கள்

சோயா, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை, கனோலா (கடுகு இனத்து எண்ணெய் வித்து). நம் சமையலறைக்குள் ஜி.எம். வந்தால் பெரும்பாலும் இந்த நான்கின் வழியாகத்தான் வரும். அமெரிக்கா, பிரேசில், அர்ஜென்டினாவில் விளையும் சோயாவில் மிகப் பெரும் பகுதி ஜி.எம். அமெரிக்க மக்காச்சோளமும் கனடாவின் கனோலாவும் அதே கதை. நம் நாட்டுச் சோயாவும் சோளமும் ஜி.எம். கிடையாது. அதனால் பொருள் என்ன என்பதோடு எந்த ஊர் விளைச்சல் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், இவை தங்கள் பெயரிலேயே பாக்கெட்டில் வருவதில்லை. என் மேஜையில் இப்போது இருக்கும் டார்க் காம்பவுண்ட் ஸ்லாப்பை (கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்த சாக்லேட் கட்டி) எடுத்துக்கொள்கிறேன். பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பது: சர்க்கரை, ஹைட்ரஜன் ஏற்றிய தாவரக் கொழுப்பு, கோகோ தூள், எமல்சிஃபையர் 322 மற்றும் 476, செயற்கை வெனிலா மணம். சர்க்கரை நம் நாட்டுக் கரும்பு. கோகோவில் ஜி.எம். ரகம் எதுவும் சந்தையில் இல்லை. தாவரக் கொழுப்பு பெரும்பாலும் பாமாயில் தரும் எண்ணெய்ப்பனை வகை, அதிலும் கவலை இல்லை. ஆனால் எந்தத் தாவரம் என்று பெயர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், சில பாக்கெட்டுகளில் பருத்திக்கொட்டை இருக்கும். 476 ஆமணக்கு எண்ணெயை வைத்துச் செய்வது. மிச்சம் 322. அதுதான் லெசித்தின், சாக்லேட் வழவழப்பாக ஓடுவதற்குச் சேர்க்கிற பொருள். சோயாவிலிருந்தும் எடுக்கலாம், சூரியகாந்தியிலிருந்தும் எடுக்கலாம். எண்ணை மட்டும் பார்த்தால் எது என்று தெரியாது. அலர்ஜிக்கான வரியில் "சோயா உள்ளது" என்று இருந்தால் சோயா லெசித்தின். அந்த ஒரு வரியை வைத்துத்தான் நான் அடுத்த கேள்விக்குப் போகிறேன்: இது எந்த நாட்டுச் சோயா?

மக்காச்சோளத்துக்கு இதைவிட நிறைய வேஷம். கார்ன்ஃப்ளார், டெக்ஸ்ட்ரோஸ், மால்ட்டோடெக்ஸ்ட்ரின், குளுக்கோஸ் சிரப், மாற்றியமைத்த ஸ்டார்ச் எல்லாம் சோளத்திலிருந்து வரலாம். மரவள்ளியிலிருந்தும் வரலாம், சேலத்து ஜவ்வரிசி ஆலைகள் இருக்கிற தமிழ்நாட்டில் மரவள்ளி ஸ்டார்ச்சுக்குப் பஞ்சமில்லை. கேட்டு வாங்குங்கள். இறக்குமதி கார்ன் சிரப், கார்ன் சிப்ஸ், இனிப்பு தூவிய சீரியல் இவற்றில்தான் கவனம் வேண்டும். மீல்மேக்கர் பற்றியும் கேட்கிறார்கள். உள்நாட்டுச் சோயாவில் செய்த பிராண்டாக இருந்தால் தாராளமாகச் சமைக்கலாம்.

எண்ணெய் தனிக் கதை. நாம் இறக்குமதி செய்யும் சோயா எண்ணெயில் பெரும்பகுதி ஜி.எம். சோயாவில் ஆட்டியது. சுத்திகரித்த ஜி.எம். சோயா எண்ணெயை இறக்குமதி செய்ய 2007லேயே அனுமதி கொடுத்திருக்கிறார்கள். சுத்திகரிக்கும்போது புரதமும் டி.என்.ஏ.வும் ஏறக்குறைய முழுக்க வெளியேறிவிடும், மிஞ்சுவது கொழுப்பு மட்டும். அதனால் உடம்புக்கு ஆகுமா என்ற கேள்வியில் எண்ணெயின் பங்கு சிறியது. எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் மட்டும் அது பெரிய கேள்வி. மிக்சர், சிப்ஸ் பாக்கெட்டுகளில் "பருத்திக்கொட்டை எண்ணெய்" என்று இருந்தால், அது பி.டி. பருத்தியின் கொட்டை என்றே வைத்துக்கொள்ளுங்கள். டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2018இல் 65 உணவுப் பொருள்களைச் சோதித்துப் பார்த்தது. 100க்கு 32இல் ஜி.எம். இருந்தது. இறக்குமதிப் பொருள்களில் 46 சதவீதம், இந்தியத் தயாரிப்பில் 17 சதவீதம். இந்தியத் தயாரிப்பில் மாட்டியவை எல்லாம் பருத்திக்கொட்டை எண்ணெய். குழந்தை உணவிலும் இருந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவற்றில் பெரும்பாலானவற்றின் லேபிளில் ஒரு வார்த்தை கிடையாது.

இங்கே பருத்திப்பால் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. வத்தலக்குண்டு, மதுரை பக்கம் இறங்கினால் சாயங்காலம் தள்ளுவண்டியில் சூடாகக் கொடுப்பார்கள். ஊறவைத்த பருத்திக்கொட்டையை ஆட்டிப் பால் எடுத்து, வெல்லமும் சுக்கும் போட்டுக் காய்ச்சியது. எண்ணெயைப் போல இது சுத்திகரித்த பொருள் இல்லை, கொட்டையின் புரதம் அப்படியே குவளைக்குள் வருகிறது. பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்தபோது யோசித்தது நூலையும் எண்ணெயையும் மாட்டுத் தீவனத்தையும்தான். இப்படிக் குடிக்கிற வழக்கம் தென்மாவட்டத்தில் இருக்கிறது என்பதைக் கணக்கில் வைத்துத் தனியாக ஒரு மதிப்பீடு செய்து, அதை மக்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நாட்டுப் பருத்தி, கருங்கண்ணி மாதிரிப் பழைய ரகம் போடுகிற விவசாயி தெரிந்தவராக இருந்தால் கொட்டையை அவரிடமே வாங்கிக்கொள்ளுங்கள்.

சீஸ் செய்கிறவர்கள் மலையில் கூடி வருகிறார்கள், அவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலைத் திரிக்கும் ரென்னெட் "மைக்ரோபியல்" என்று வந்தால் இரண்டு வகை உண்டு. ஒன்று, பூஞ்சை தானாகவே சுரக்கும் நொதி. இன்னொன்று, கன்றுக்குட்டியின் மரபணுவை நுண்ணுயிருக்குள் வைத்து எடுக்கும் கைமோசின். இது 1990 முதல் அமெரிக்காவில் அனுமதியோடு இருக்கிறது, உலகச் சீஸில் பெரும்பகுதி இதில்தான் உறைகிறது. நொதியைப் பிரித்தெடுத்த பிறகு அந்த நுண்ணுயிர் சீஸுக்குள் வருவதில்லை. ஆனாலும் யாராவது கேட்டால் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ரென்னெட் விற்கிறவரிடம் எந்த வகை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 22ஆம் பிரிவில், அனுமதியின்றி ஜி.எம். உணவைத் தயாரிக்கவோ விற்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது என்கிறது. பொட்டலப் பொருள் விதியில், ஜி.எம். உணவு உள்ள பாக்கெட்டின் முன்பக்கத்தில் மேலே "ஜி.எம்." என்று போட வேண்டும் என்பது 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நான் கையில் எடுத்த எந்தப் பாக்கெட்டிலும் அந்த இரண்டு எழுத்தைப் பார்த்ததில்லை. 2020 ஆகஸ்டில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஓர் ஆணை போட்டது: ஆப்பிள், உருளை, சோளம், சோயா, கோதுமை, அரிசி, பப்பாளி என்று 24 பயிர்களை இறக்குமதி செய்தால், அனுப்புகிற நாட்டின் அதிகாரியிடம் ஜி.எம். இல்லை என்ற சான்று வாங்கி வர வேண்டும், தெரியாமல் கலந்தது 1 சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளப்படும். ஜி.எம். உணவுக்கென்று தனி விதிமுறையின் வரைவு 2021 நவம்பரில் வந்தது, அடுத்த ஆண்டு திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். 1 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும் என்பது அந்த வரைவின் வரி.

இறக்குமதிப் பாக்கெட்டைப் படிக்கும்போது அந்த நாட்டுச் சட்டம் உங்களுக்கு உதவும். அமெரிக்கப் பாக்கெட்டில் "பயோஇன்ஜினியர்டு" என்ற வார்த்தையைத் தேடுங்கள். 2022 முதல் அங்கே அது கட்டாயம். ஆனால் டி.என்.ஏ. கண்டுபிடிக்க முடியாத அளவு சுத்திகரித்த பொருளுக்கு விலக்கு உண்டு, தெரியாமல் கலந்ததற்கு 5 சதவீதம் வரை சலுகையும் உண்டு. ஐரோப்பியப் பாக்கெட் என்றால் எல்லை 0.9 சதவீதம், சுத்திகரித்த எண்ணெயும் லெசித்தினும்கூட அங்கே சொல்லியாக வேண்டும். அதனால் ஐரோப்பியக் கூவர்ச்சர் (கோகோ வெண்ணெய் கூடுதலாக உள்ள) சாக்லேட்டில் ஒன்றும் எழுதாமல் இருந்தால் அதை நான் நம்புகிறேன். அமெரிக்கப் பாக்கெட்டில் ஒன்றும் எழுதாமல் இருந்தால் நம்புவதில்லை.

தேடிக் களைத்துவிட்டால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஜைவிக் பாரத் முத்திரை உள்ள இயற்கை உணவில் ஜி.எம். கூடாது என்பது அந்தச் சான்றின் விதியிலேயே இருக்கிறது. விலை கூடத்தான்.

கேட்பது எப்படி

கடைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை, அவருக்குத் தெரிய வழியில்லை. வத்தலக்குண்டில் எனக்கு ஸ்லாப் போடுகிற தம்பியிடம் முதலில் கேட்டபோது, "அக்கா, கம்பெனி அனுப்புது, நாங்க இறக்கிப் போடுறோம். இதெல்லாம் யாருக்கா கேக்குறாங்க?" என்றார். "நான் கேக்குறேன் தம்பி. கம்பெனியில யாருகிட்ட பேசணும்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். எண் கிடைத்தது.

கம்பெனிக்குத் தொலைபேசியில் பேசாதீர்கள், எழுதுங்கள். பாக்கெட்டில் வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சல் இருக்கும். பொருளின் பெயர், தொகுதி எண், தயாரித்த தேதி, அப்புறம் மூன்றே கேள்விகள்: 322 எதிலிருந்து எடுத்தது? சோயா என்றால் எந்த நாட்டில் விளைந்தது? ஐ.பி. சான்று இருக்கிறதா, இருந்தால் நகல் அனுப்ப முடியுமா? ஐ.பி. என்பது விதையிலிருந்து ஆலை வரை மற்றச் சரக்கோடு கலக்காமல் தனியாகக் கொண்டு வந்ததற்கான சான்று, வியாபாரத்தில் அப்படித்தான் சொல்வார்கள். "எங்கள் பொருள் எல்லா அரசு விதிகளுக்கும் உட்பட்டது" என்று மட்டும் பதில் வந்தால், அது பதில் இல்லை. அதே மின்னஞ்சலுக்குக் கீழே அதே மூன்று கேள்வியை மறுபடி போட்டு அனுப்புங்கள். இந்தியச் சோயாவில் எடுத்த லெசித்தின் வெளிநாட்டுக்கே ஏற்றுமதி ஆகிறது, அதனால் தேடினால் இங்கேயும் கிடைக்கும். எனக்குக் கடைசியில் சூரியகாந்தி லெசித்தின் சேர்த்த ஸ்லாப் கிடைத்தது. சந்தையில் ஜி.எம். சூரியகாந்தி கிடையாது, கேள்வி அங்கேயே முடிந்தது.

ஆய்வகத்துக்கு அனுப்பினால்

காகிதத்தில் நம்பிக்கை வராவிட்டால் சோதனை. எல்லா உணவு ஆய்வகமும் இதைச் செய்யாது. ஆய்வகங்களுக்குத் தரச் சான்று தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் உள்ள ஆய்வகமாக இருக்க வேண்டும், அந்த அங்கீகாரத்தின் பட்டியலில் ஜி.எம்.ஓ. சோதனை இருக்க வேண்டும். இரண்டையும் முன்கூட்டியே கேளுங்கள். அரசு இதற்கென அறிவித்த ஆய்வகங்களில் டெல்லியில் உள்ள தேசியத் தாவர மரபணு வளங்கள் நிறுவனமும் கொச்சியில் உள்ள ஏற்றுமதி ஆய்வு முகமையும் அடக்கம்.

செய்வது டி.என்.ஏ.வைத் தேடும் பி.சி.ஆர். சோதனை, கொரோனாவில் நமக்குப் பழகிய அதே பெயர். ஜி.எம். பயிர்களில் புது மரபணுவை இயக்க வைக்கும் 35 எஸ் என்ற துண்டையும், அதை நிறுத்தும் நாஸ் என்ற துண்டையும் முதலில் தேடுவார்கள். 35 எஸ் காலிஃபிளவரைத் தாக்கும் ஒரு வைரஸிலிருந்து எடுத்தது. அதனால் அந்த வைரஸ் பிடித்த காலிஃபிளவரோ முட்டைக்கோஸோ மாதிரியில் இருந்தால் பொய்யாக "உண்டு" என்று வரலாம். மலையில் கோஸ் பயிர் நிறைய என்பதால் சொல்கிறேன். முதல் சோதனையில் "உண்டு" என்று வந்தால், எந்த ஜி.எம். ரகம் என்று பார்க்கும் இரண்டாவது சோதனையும் வேண்டும் என்று கேளுங்கள்.

எதை அனுப்புவது என்பதுதான் முக்கியம். செய்து முடித்த சாக்லேட்டை அனுப்பாதீர்கள். கோகோவில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் பி.சி.ஆரைத் தடுக்கும், "இல்லை" என்று வரும் முடிவுக்கு மதிப்பிருக்காது. சுத்திகரித்த எண்ணெயிலும் அதே கதை. மூலப்பொருளை அனுப்புங்கள்: லெசித்தின், சோயா மாவு, கார்ன்ஃப்ளார். சீல் உடைக்காத பாக்கெட், பில், தொகுதி எண் தெரியும் படம். அதே தொகுதியில் இன்னொரு பாக்கெட்டைத் தொடாமல் வீட்டில் வையுங்கள். பட்டையை முக்கிப் பார்க்கும் மலிவான சோதனை புரதத்தைத் தேடுவது. இலைக்கும் விதைக்கும் அது சரி, சூடுபடுத்திய உணவுக்கு ஆகாது.

அறிக்கை வந்ததும் இரண்டு இடம் பாருங்கள். எவ்வளவு குறைவாக இருந்தால் அவர்களால் கண்டுபிடிக்க முடியும் என்ற எல்லை ஒன்று. சதவீதம் எதற்கு என்பது இன்னொன்று: 1 சதவீதம் என்றால் அந்தச் சோயாவில் 1 சதவீதம், முழு பிஸ்கட்டில் அல்ல.

இந்தச் சோதனை பிடிக்காத ஒன்றும் வந்துவிட்டது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த கமலா, பூசா டி.எஸ்.டி. 1 என்ற இரண்டு நெல் ரகங்களும் மரபணுத் திருத்தம் செய்தவை. வெளி மரபணு எதையும் வைக்காமல், நெல்லின் சொந்த மரபணுவிலேயே வெட்டித் திருத்தியவை. இந்த வகைக்கு 2022லேயே பழைய விதிகளிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். 35 எஸ் இல்லாததால் வழக்கமான சோதனையில் தெரியாது. லேபிளும் இல்லை, சோதனையும் இல்லை என்றால் வாங்குகிறவர் எங்கே போவார்? இதைக் குறித்துத்தான் நாம் இப்போதே பேச வேண்டும்.

இருப்பது வேறு, ஆபத்து வேறு

மாவில் உப்பு இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பது வேறு, அந்த உப்பு ரத்த அழுத்தக்காரருக்கு ஆகுமா என்று பார்ப்பது வேறு. பி.சி.ஆர். முதல் வேலையை மட்டும்தான் செய்யும். "ஜி.எம். உண்டு" என்ற அறிக்கையை எடுத்துக்கொண்டு "இது விஷம்" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் நியாயமான கேள்வியும் சேர்ந்து கெட்டுப்போகும்.

பாதுகாப்பைப் பார்க்கும் சோதனை, பயிர் சந்தைக்கு வருமுன்பே செய்வது. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2003இல் அதற்கு வழிமுறை வகுத்தது, நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2008இல் இந்தியாவுக்கான வழிகாட்டியை வெளியிட்டது. ஒரு பயிரின் கோப்பு கையில் கிடைத்தால் எதைத் தேட வேண்டும் என்று சொல்கிறேன். மரபணு எந்த உயிரிலிருந்து வந்தது, அதை மனிதர்கள் முன்பு சாப்பிட்டிருக்கிறார்களா? புதிய புரதம் தெரிந்த அலர்ஜிப் புரதம் எதையாவது ஒத்திருக்கிறதா? 80 அமினோ அமில நீளத்துக்கு 35 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் நின்று யோசிக்க வேண்டும் என்பது கணக்கு. வயிற்று அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும் சேர்ந்தால் அது கரைகிறதா? சமைக்கும் சூட்டில் சிதைகிறதா? சத்துகள் சாதாரண ரகத்தின் அளவில்தான் இருக்கின்றனவா? எலிகளுக்கு 90 நாள் கொடுத்த சோதனையில் ரத்தமும் உறுப்புகளும் எப்படி இருந்தன?

இந்தக் கேள்விகள் வெறும் சடங்கு இல்லை. சோயாவின் சத்தைக் கூட்ட பிரேசில் கொட்டையின் மரபணு ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். அந்தக் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களின் ரத்தத்தில் சோதித்தபோது, அலர்ஜி அப்படியே சோயாவுக்குள் வந்திருப்பது தெரிந்தது. 1996இல் முடிவு வெளியானது, அந்தச் சோயா சந்தைக்கு வரவே இல்லை. ஸ்டார்லிங்க் என்ற மக்காச்சோளத்தின் புரதம் வயிற்றில் சீக்கிரம் கரையாது என்ற சந்தேகத்தால், அமெரிக்காவில் கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள். 2000இல் மனிதர்கள் சாப்பிடும் டாகோ என்ற மடித்த மக்காச்சோள ரொட்டியில் அது கிடந்தது, கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். முதல் சம்பவத்தில் சோதனை வேலை செய்தது. இரண்டாவதில் தீவனச் சரக்கையும் உணவுச் சரக்கையும் தனித்தனியாக வைக்க முடியவில்லை. இந்தியா 2021இல் கோழித் தீவனத்துக்கு 12 லட்சம் டன் ஜி.எம். சோயாப் புண்ணாக்கு இறக்க அனுமதித்த செய்தியைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது ஸ்டார்லிங்க்தான்.

இப்போது உலகச் சந்தையில் இருக்கும் ஜி.எம். உணவுகள் மதிப்பீடு தாண்டி வந்தவை, அவற்றால் உடம்புக்குக் கெடுதல் வர வாய்ப்பில்லை, ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை நான் மதிக்கிறேன். எனக்குள்ள குறை வேறு இடத்தில். சோதனைகளில் பெரும்பகுதியைப் பயிரை உருவாக்கியவர்களே செய்கிறார்கள் அல்லது செய்யச் சொல்கிறார்கள். பி.டி. கத்தரியின் மூலத் தரவு, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் போராடிய பிறகுதான் வெளியே வந்தது. கோப்பை முதல் நாளே திறந்து வைக்க வேண்டும், சம்பந்தமில்லாத ஆய்வகம் ஒன்று திரும்பச் செய்து பார்க்க வேண்டும். இது நடக்கும் வரை லேபிளாவது வேண்டும். யாருக்காவது புதிதாக அலர்ஜி வந்தால் என்ன சாப்பிட்டார் என்று பின்னோக்கித் தேடவும் அதுதான் வழி.

புகார் கொடுப்பதும், உங்கள் லேபிளும்

லேபிளில் மறைத்திருக்கிறார்கள் என்று சந்தேகம் இருந்தால், வாங்குகிறவரே பொருளை அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். சட்டத்தின் 40ஆம் பிரிவு அந்த உரிமையைக் கொடுக்கிறது. சோதனைக்கு அனுப்பப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். விதிமீறல் என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கொடைக்கானல்காரர்களுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலர் இருப்பது திண்டுக்கல்லில். போகுமுன் பகுப்பாய்வாளரின் ஆய்வகத்தில் ஜி.எம். சோதனை வசதி உண்டா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

வீட்டில் செய்து விற்கிறவர்கள் பாக்கெட்டில் "ஜி.எம். இல்லாதது" என்று ஆசைக்குப் போட்டுவிடாதீர்கள். விளம்பரம் மற்றும் உரிமைகோரல் பற்றிய 2018 விதிமுறைப்படி, சொல்வதற்கு ஆதாரம் கையில் இருக்க வேண்டும். ஆதாரம் இல்லாவிட்டால் உள்ளதை மட்டும் எழுதுங்கள். என் பாக்கெட்டில் "எமல்சிஃபையர் 322" என்று நிறுத்தாமல் "சூரியகாந்தி லெசித்தின் 322" என்று அச்சடிக்கிறேன். கொழுப்பு என்று வரும் இடத்தில் பனையா பருத்தியா என்று பெயர் சொல்லுங்கள். பால், கோதுமை, சோயா, கொட்டை வகைகள் இருந்தால் அலர்ஜி வரியில் தனியாக வர வேண்டும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண்ணும் வேண்டும்.

அப்புறம் ஒரு கோப்பு. புதுச் சரக்கு வந்தவுடன் உறையைக் கிழிக்கும் முன் பின்பக்கத்தைப் படம் எடுத்து, பில்லோடும் கம்பெனியின் பதிலோடும் சேர்த்து வையுங்கள். நீங்கள் எந்தத் தேதியில் செய்த சாக்லேட்டில் எந்தத் தொகுதி ஸ்லாப் போனது என்று அதிலேயே எழுதிவிடுங்கள். சொல்லாமலேயே பொருள்களின் பட்டியலை மாற்றுகிற கம்பெனிகள் உண்டு, அதனால் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 322க்குப் பக்கத்தில் இருந்த "சூரியகாந்தி" காணாமல் போயிருந்தால், அந்தப் பெட்டியைத் தனியாக வைத்துவிட்டு மூன்று கேள்வி மின்னஞ்சலை மறுபடி அனுப்புங்கள்.